சொல்லற்ற இசைக்கு நம் அவையில் இடமுண்டா?

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு 'சிலம்பில் இசைத்தமிழ்' என்பது. அழைப்பிதழிலும் அவ்வாறே அச்சாகியுள்ளது. அத்தலைப்பை விட்டு நான் முற்றிலும் விலகப் போவதில்லை. ஆயினும் புகார் நகரத்திலிருந்து தொடங்காமல், சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் உள்ள எங்கள் வீட்டின் பின்னறையிலிருந்து தொடங்க விரும்புகிறேன். தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நான்காண்டுகளுக்கு முன், நம் ஆறாம் ஆண்டு விழாவிற்கு நிகழ்ச்சி நிரல் வகுத்த குழுவில் நானும் இருந்தேன். என் தம்பி ஒரு விண்ணப்பம் கொடுத்திருந்தான். அவன் இத்தொழிற்பேட்டையில் மின்பணியாளன்; பழுதான மோட்டார்களுக்குச் சுருள் கட்டுபவன். தான் அமைத்த கிதார் இசை ஒன்றை ஐந்து நிமிடம் மேடையில் வாசிக்க இசைவு கேட்டிருந்தான். பாட்டு இல்லை, வெறும் வாத்தியம், அதுவும் ராக் என்னும் மேலைநாட்டு வகை. குழுவில் சிலர் தயங்கினர். தயங்காதவள் நான் ஒருத்திதான். "சொல் இல்லாத இடத்தில் பொருள் ஏது? இஃது இலக்கிய மேடை" என்று கூறி, அவ்விண்ணப்பத்தின் மேல் 'பொருந்தாது' என்று என் கையாலேயே எழுதினேன். அன்றிரவு செய்தியைச் சொன்னபோது, "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிதாரை உறைக்குள் வைத்தான். அவன் வாதாடியிருந்தால் நானும் வாதாடி, என் கட்சியை இன்னும் இறுக்கிக்கொண்டிருப்பேன். அவன் ஒன்றும் சொல்லாதது பிற்காலத்தில் என்னை வருத்தியது.

அந்த 'பொருந்தாது' என்ற சொல்லை இன்று இதே மேடையில் திரும்பப் பெறவே நிற்கிறேன். திரும்பப் பெறுவதற்குரிய காரணங்களைச் சிலம்பைக் கொண்டே காட்டலாம் என்பதனால், தலைப்பிற்கும் பெரிய பழுது நேராது.

முதற்கண், அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தடி நீளம், ஒன்பதடி அகலம். மேலே தகரக் கூரை; அதனால் மழைக்காலத்தில் அங்கு ஒலிப்பதிவு என்பதே இல்லை. கொல்கத்தா நெடுஞ்சாலையின் லாரிகள் ஒருபுறம், கூடூர் செல்லும் இருப்புப்பாதை மறுபுறம். இரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை ஓரளவு அமைதி கிட்டும். மூன்றாம் ஷிப்டு வரும் வாரங்களில் அதுவும் இல்லை. இத்தகைய இடத்தை அவன் 'ஸ்டுடியோ' என்று அழைத்தபோது நாங்கள் சிரித்தோம்.

சுவர்களின்மேல் அம்மாவின் பழைய பருத்திச் சேலைகளை நான்கைந்து மடிப்பாகத் தொங்கவிட்டிருந்தான். மூலைகளில் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி நிறுத்தியிருந்தான். ஏன் மூலைகளில் என்று கேட்டேன். ஒன்றையொன்று நோக்கும் இரு சுவர்களுக்கிடையே ஒலி பந்துபோல் போய்ப் போய்த் திரும்பும் என்றும், பத்தடி நீளமுள்ள அறையில் நொடிக்கு ஏறத்தாழ 56 அதிர்வு கொண்ட தாழ்ந்த ஒலி தன்னியல்பிலேயே பெருகி நிற்கும் என்றும், அத்தகைய தாழ்ந்த ஒலிகள் மூலையில் வந்து குவியும் என்றும் விளக்கினான். பஞ்சு மெத்தை அதனை முழுவதும் உண்ணாது, ஓரளவு உண்ணும் என்றான். எனக்கு அரங்கேற்று காதை நினைவுக்கு வந்தது. இளங்கோவடிகள் மாதவி ஆடிய அரங்கிற்கு அளவு சொல்கிறார்: இருபத்துநான்கு விரல் அளவுள்ள கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கை நிறுத்த வேண்டும் என்றும் சொல்கிறார். இருபதாண்டுகளாக இப்பகுதியை வகுப்பில் நடத்துகிறேன். அளவுகளைத் தேர்வுக்குரிய செய்திகளாகவே மாணவர்க்குச் சொல்லி வந்தேன். நிழலுக்காகக் கவலைப்பட்ட அந்தப் பழந்தச்சனும், மூலையில் தேங்கும் ஒலிக்காகக் கவலைப்படும் என் தம்பியும் ஒரே தொழிலைச் செய்கிறார்கள் என்பது அந்தப் பத்தடி அறையில் நிற்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

மின்கிதார் எவ்வாறு ஒலிக்கிறது என்பதைப் பலரும் அறிந்திருக்க மாட்டோம். யாழுக்கும் வீணைக்கும் உள்ளதுபோல் அதற்குக் குடம் இல்லை. பலகை போன்ற கட்டை மட்டுமே. எஃகு நரம்புகளுக்கு அடியில் காந்தமும், அதனைச் சுற்றித் தலைமயிரை ஒத்த மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் உண்டு. நரம்பு அதிரும்போது காந்தப் புலம் அசைந்து, சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. பாரடே 1831இல் கண்டறிந்த அதே உண்மை. மோட்டார் கட்டுபவனுக்கு இதில் வியப்பில்லை. தன் கிதாருக்குரிய சுருளைத் தம்பி தானே சுற்றினான். ஏறத்தாழ எட்டாயிரம் சுற்று. இரண்டு முறை கம்பி அறுந்தது. மூன்றாம் முறை அமைந்தது. நரம்புகளை மட்டும் சென்னை அண்ணா சாலையில் 1842 முதல் நடந்துவரும் மியூசி மியூசிக்கல் கடையில் வாங்கி வருவான்.

ஆனால் ஒரு சிக்கல் நேர்ந்தது. ஒற்றைச் சுருள் நரம்பின் அதிர்வை மட்டும் வாங்குவதில்லை. வீட்டில் ஓடும் மின்சாரத்தின் ரீங்காரத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவது. எங்கள் வீட்டிலோ சுற்றிலும் ஆலைகள், கம்பியெல்லாம் இரைச்சல். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இவ்விரைச்சலை ஒழிக்கும் முறைக்குக் கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் 1955லேயே காப்புரிமை கோரிவிட்டார். தம்பி அதனை அறிவான். ஆனால் ஒற்றைச் சுருளின் தெளிந்த குரல் அதில் வராது என்பது அவன் கருத்து. ஆகவே அவன் செய்தது வேறொன்று. கிதாரின் மூன்றாம் நரம்பு உலக வழக்கின்படி நொடிக்கு 196 முறை அதிர வேண்டும். அவன் அதனை 200க்கு ஏற்றினான். ஏனைய ஐந்து நரம்புகளையும் அதே விகிதத்தில் ஏற்றினான். இருநூறு என்பது ஐம்பதின் நான்கு மடங்கு. அவ்வளவுதான், இரைச்சல் சுருதியாகிவிட்டது. தம்புரா இல்லாத வீட்டில் மின்கம்பியே தம்புரா மீட்டிற்று. மின்சாரத்தின் அலைவு சில வேளை ஒரு மயிரளவு ஏறும், இறங்கும். அதற்கேற்ப நரம்பை முறுக்க வேண்டியிருக்கும் என்றான். இதனைக் கேட்ட அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. ஏழிசையின் ஆராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட்டு 1947இல் யாழ்நூலை அரங்கேற்றிய விபுலாநந்த அடிகள் இருந்திருந்தால், இந்த இளைஞனை அருகில் அமர்த்திக் கணக்குக் கேட்டிருப்பார் என்றே தோன்றியது. முனைவர் பட்டம் பெற்ற நானோ அவன் விண்ணப்பத்தில் ஒரே சொல்லை எழுதியிருந்தேன்.

அவன் ஒலிப்பதிவு செய்யும் முறை நெசவை ஒத்தது. முதலில் தாளம், அது கணிப்பொறியில் அமைப்பது. பிறகு தாழ்நரம்பு. பிறகு பாவு போடுவதைப்போல் இரு கிதார்ப் பகுதிகள், இடச்செவிக்கு ஒன்று, வலச்செவிக்கு ஒன்று. ஒருமுறை வாசித்ததை நகலெடுத்து இருபுறமும் வைத்தால் என்ன என்று கேட்டேன். வைத்துக் காட்டினான், ஒலி நடுவில் ஒற்றைப் புள்ளியாய்ச் சுருங்கிவிட்டது. இருமுறை தனித்தனியே வாசிக்கும்போது விரல் ஒரு நொடியில் நூற்றிலொரு பங்கு முந்தும், பிந்தும். அந்தச் சிறு பிழைதான் அகலத்தைத் தருகிறதாம். அதன் பிறகே ஊடாக வரும் தலைமை இன்னிசை. அதனை மட்டும் நாற்பத்துமூன்று முறை வாசித்து அழித்தான். நாற்பத்துநான்காம் முறை நன்றாக வந்துகொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. அந்த இரவில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்ததை நான் கண்டேன்; தேநீர் போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

வீட்டிலிருந்தபடியே தனியொருவர் பல பகுதிகளை வாசித்து அடுக்கும் இம்முறை புதியதன்று. அமெரிக்காவில் லெஸ் பால் என்னும் கிதார்க் கலைஞர் தம் வீட்டுக் கார்க் கொட்டகையில், காடிலாக் காரின் சுழல்சக்கரம் ஒன்றைக் கொண்டு தாமே இசைத்தட்டு வெட்டும் எந்திரம் செய்துகொண்டார். ஒரு தட்டில் வாசித்ததை ஓடவிட்டு, அதனோடு சேர்த்து வாசித்து அடுத்த தட்டில் பதிந்தார். இப்படி எட்டுக் கிதார்ப் பகுதிகளை அடுக்கி அவர் அமைத்த 'லவர்' 1948இல் வெளிவந்தது. டாஸ்காம் நிறுவனம் 1979இல் சாதாரண ஒலிநாடாவில் நான்கு தடங்களைப் பதியும் கையடக்கப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தபின், இவ்வாய்ப்பு எளியவர்க்கும் எட்டிற்று. பாஸ்டன் என்னும் ராக் குழுவின் முதல் இசைத்தட்டு 1976இல் வந்தது. அதன் பெரும்பகுதியை டாம் ஷோல்ஸ் என்பவர் தம் வீட்டின் நிலவறையில் பதிவு செய்தார். அவர் பகலில் போலராய்டு நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர். இச்செய்தியைத் தம்பி என்னிடம் மூன்று முறையாவது சொல்லியிருப்பான். ஷிப்டு முடித்து வந்து வாசிப்பவனுக்கு அதில் ஓர் ஆறுதல் இருக்கத்தானே செய்யும்?

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் சென்னையில், கோடம்பாக்கத்தில், ஏ.ஆர். ரகுமான் தம் வீட்டுக் கொல்லையில் 1989இல் எழுப்பிய பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடம் நமக்குத் தெரிந்ததே. தந்தையார் ஆர்.கே. சேகர் மறைந்தபோது அவருக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் காலந்தள்ளிற்று. கூடம் கட்டியபின் உள்ளே வைக்கக் கருவி வாங்கப் பணமில்லை. தாயார் தம் நகைகளைக் கொடுத்ததால்தான் முதல் பதிவுக் கருவி வந்தது என்று ரகுமானே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கூடத்திலிருந்து 1992இல் 'ரோஜா' வந்தது. முதற்படத்திற்கே தேசிய விருதும் வந்தது. நம் இசை வரலாற்றை எழுதுவோர் கருவிகளின் பெயர்களை நுணுக்கமாகக் குறிக்கின்றனர். அடகுக்குப் போன நகைகளைக் குறிப்போர் சிலரே. எங்கள் வீட்டுக் கணிப்பொறிக்குப் பின்னாலும் அம்மாவின் இரண்டு வளையல்கள் உள்ளன. இங்கு மகளிர் பலர் இருப்பதனால் இதனைச் சற்று உரக்கவே சொல்கிறேன்.

இனி என் பழைய வினாவிற்கு வருகிறேன். சொல் இல்லாத இடத்தில் பொருள் ஏது?

அமெரிக்காவில் 1958இல் லிங்க் ரே என்பவரின் 'ரம்பிள்' என்னும் கிதார் இசை வெளிவந்தது. அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. கிதாரின் குரல் கரகரக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியின் தாளில் பென்சிலால் துளையிட்டுப் பதிவு செய்தவர் அவர். அவ்விசை இளைஞரைத் தெருச்சண்டைக்குத் தூண்டிவிடும் என்று அஞ்சிச் சில வானொலி நிலையங்கள் அதனை ஒலிபரப்ப மறுத்தன. சொல்லே இல்லாத இசைக்குத் தடை! எழுத்தைத் தணிக்கை செய்வோர் வரிக்கு வரி கோடிடுவர். இங்கே எந்த வரியில் கோடிடுவது? தடை செய்தவர்கள் அதில் பொருள் உண்டு என்பதை என்னைவிட நன்றாக உணர்ந்திருந்தார்கள்.

சரி, அது மேலைநாட்டுச் செய்தி. தமிழில் உண்டா என்று கேட்பீர்கள். நானும் அவ்வாறே கேட்டுக்கொண்டிருந்தேன். தஞ்சைப் பக்கம் ஒரு சிவன் கோயில் திருவிழாவிற்குச் சென்றிருந்தபோது விடை கிடைத்தது. சுவாமி புறப்பாடாகும் வேளை. தவில் முழங்க, நாகசுரத்தில் கம்பீரநாட்டையில் மல்லாரி எழுந்தது. மல்லாரிக்குச் சாகித்தியம் இல்லை. தாளக்கட்டும் இராகமும் மட்டுமே. கூட்டத்தில் நின்ற மூதாட்டி முதல் தோளில் ஏறியிருந்த குழந்தை வரை, இறைவன் புறப்பட்டுவிட்டான் என்பதை அந்த இசையாலேயே அறிந்து கைகூப்பினர். சொல் இல்லை, பொருளில் ஐயம் கொண்டவர் ஒருவரும் இல்லை. அந்த இடத்திலேயே எனக்கு முகம் சிவந்தது. என்னைச் சுற்றிக் காலங்காலமாக ஒலித்துவரும் ஒன்றை மறந்துவிட்டு, 'இலக்கிய மேடை' என்று எழுதிய பேதைமையை என்னென்பது?

சிலம்பிலும் தேடினேன். கானல்வரியில் மாதவி யாழைக் கையில் வாங்கியதும் பாடத் தொடங்கிவிடவில்லை. எட்டு வகையான கலைத்தொழில்களால் அந்த யாழை முதலில் எழுப்புகிறாள். தைவரல், செலவு, கையூழ், குறும்போக்கு என்றெல்லாம் அவற்றிற்குப் பெயர்கள் உள்ளன. அடியார்க்கு நல்லார் உரையில் ஆளத்தி பற்றிய விளக்கமும் உண்டு. பாட்டு வருமுன் பண்ணை மட்டும் விரித்துக் காட்டும் அக்கலைக்குத் தனிப் பெயரும் வகையும் வகுத்து வைத்திருக்கிறார்கள் என்றால், சொல்லற்ற இசையை நம் முன்னோர் இலக்கண வரம்புக்குள் கொண்டுவந்திருந்தனர் என்பது தெளிவு. தம்பி நரம்புகளை ஒவ்வொன்றாகத் தடவிச் சுருதி சேர்த்துவிட்டு, மெல்ல ஏறிச் சென்று, பிறகு துள்ளித் துள்ளி விரைவதைக் கேட்கும்போது, உரையாசிரியரின் சொற்களை ஒவ்வொன்றாக அவன் விரல்மேல் ஒட்டி வைக்கலாம்போல் இருக்கிறது. மிகையாகச் சொல்கிறேன் என்று இசைப் புலவர்கள் எண்ணினால் திருத்துக.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொல்காப்பியர் கருப்பொருள்களை வகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்க்கிறார். ஒவ்வொரு நிலத்திற்கும் அதற்குரிய பறை, அதற்குரிய யாழ். கிழக்கே பழவேற்காட்டு ஏரியும் கடலும் இருப்பதால் நம் பகுதியை நெய்தல் என்போம். மேற்கே வயல்கள் இருந்ததால் மருதம் என்போம். இவ்விரண்டிற்கும் நடுவே ரோலிங் மில்லும் உலைக்களமும் வார்ப்படச் சாலையும் எழுந்து ஒரு தலைமுறை கடந்துவிட்டது. இந்த நிலத்திற்கு உணவு உண்டு, தொழில் உண்டு, பொழுதும் உண்டு. மூன்று ஷிப்டுகளே அதன் சிறுபொழுது. இதற்குரிய யாழ் எது என்று நாம் கேட்டதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் குடில்களில் தங்கியுள்ள இளைஞர்கள் தம்பியின் இசையைச் சன்னலோரம் நின்று கேட்பதுண்டு. தமிழ்ச் சொல் வைத்துப் பாடியிருந்தால் அவர்களில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்பது எனக்கு ஐயமே. ஆசிரியை என்ற முறையில் இந்த ஐயம் எனக்கு உவப்பானதன்று. ஆயினும் மறைக்க விரும்பவில்லை.

மேலைநாட்டுக் கருவியால் நம் இசையை வாசிப்பதா என்ற எதிர்ப்பும் எழலாம். வயலினுக்கு நாம் இவ்வினாவை எழுப்பி, விடை கண்டு, மறந்தும்விட்டோம். கிதாரில் மெட்டுகள் நிலையாகப் பதிக்கப்பட்டுள்ளன. ஒரு தாயிக்குப் பன்னிரண்டு. அவற்றிற்கு இடைப்பட்ட கமகத்தை எவ்வாறு கொண்டுவருவது? வீணையில் செய்வதுபோல் நரம்பைப் பக்கவாட்டில் இழுத்தும், விரலைச் சறுக்கியுமே. இதில் தேர்ந்தவர் கிதார் பிரசன்னா. அவர் நம்மைப்போலவே சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த இராணிப்பேட்டையில் வளர்ந்தவர், சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பற்கட்டுமானம் படித்தவர். ஜிமி ஹெண்டிரிக்ஸ் என்னும் ராக் கிதார்க் கலைஞருக்குக் காணிக்கையாக 2006இல் 'எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். கருநாடக இசையின் தாளக் கருவிகளும் ராக் கிதாரும் அதில் எதிரெதிர் நின்று உரையாடுகின்றன. எல்லாம் எனக்குப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் வேகம் செவியை அலைக்கழிக்கிறது.

இளையராஜாவோ இத்துறையில் இருபதாண்டு முந்தியவர். தாமும் கிதார்க் கலைஞரே. இலண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிதார்த் தேர்வில் தேறியவர். 1986இல் அவர் வெளியிட்ட சொல்லற்ற இசைத்தொகுப்பின் பெயர் 'ஹௌ டு நேம் இட்'. இதற்கு எப்படிப் பெயரிடுவது என்ற வினாவே பெயர். தியாகராசருக்கும் செருமானிய இசை மேதை பாக்கிற்கும் அது காணிக்கை. 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்ற பொருளில் அதிலுள்ள ஓர் இசைக்குப் பெயர் வைத்திருக்கிறார். பண்ணைப்புரத்துச் சிற்றூரிலிருந்து வந்த ஒருவர், பாக் என் வீட்டிற்கு வந்தார் என்கிறார். தாம் அவரைத் தேடிப் போனதாகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பெயர் என்றதும் எங்கள் வீட்டுக் கதைக்குத் திரும்ப வேண்டியவளாகிறேன். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் தம்பி என்னிடம் வந்தான். "அக்கா, இதுக்கு ஒரு தமிழ்ப் பேர் வை. கம்ப்யூட்டர்ல 'புதுசு ஏழு'ன்னு கிடக்குது" என்றான். மேடையில் இடம் மறுத்தவளிடமே பெயர் கேட்டான். பெயர் வைக்க வேண்டுமானால் முழுவதும் கேட்க வேண்டுமே! அன்றுதான் முதன்முறையாகத் தொடக்கம் முதல் முடிவு வரை உட்கார்ந்து கேட்டேன்.

கேட்டதும் எனக்கு ஒரு குறை பட்டது. ராக் இசையில் கிதார் உச்சத்திற்கு ஏறி அழுவதைத் திரைப்படங்களில் கேட்டிருக்கிறேன். இவனுடைய இன்னிசையோ கீழ் நரம்புகளைவிட்டு மேலே செல்லவே இல்லை. முழுக்க முழுக்கத் தாழ்ந்த குரலிலேயே நடந்தது. "ஏன்டா, மேல போக வராதா?" என்று கேட்டுவிட்டேன். அவன் சற்று நேரம் பேசாமலிருந்தான். பிறகு, "அப்பாவுக்குக் கேக்காதேக்கா" என்றான்.

எங்கள் அப்பா எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்த்தவர். அக்காலத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டதே பெரிய பாதுகாப்பு. எந்திர இரைச்சலால் செவி கெடும்போது முதலில் கெடுவது நொடிக்கு 4000 அதிர்வை ஒட்டிய கூர்ந்த ஒலிகளே என்பது மருத்துவ நூல்கள் கூறும் உண்மை. முதலில் பறவையின் குரல் போகும். பிறகு கைப்பேசி மணி போகும். பிறகு பேத்தியின் பேச்சு போகும். தாழ்ந்த ஒலிகள் மட்டும் நெடுநாள் தங்கும். தம்பி தன் இசையை ஒவ்வொரு கட்டத்திலும் அப்பாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறான். அவர் ஒலிபெருக்கிப் பெட்டியின் பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்பார். எந்த இடத்தில் கையை எடுத்தாரோ, அந்த இடத்தை இவன் அழித்துவிட்டுக் கீழிறக்கி வாசித்தான். நாற்பத்துமூன்று முறை அழித்தான் என்றேனே, அவற்றுள் பல அவ்வாறு அழிந்தவை. அதே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. வகுப்பில் நான் மெய்ப்பாட்டியல் நடத்திக்கொண்டிருந்தேன்.

நான்கு நாள் யோசித்துப் பல பெயர்கள் சொன்னேன். 'எஃகு நெய்தல்' என்றேன். புலவர்த்தனமாக இருக்கிறது என்றான். 'மூன்றாம் ஷிப்டு' என்றேன். வேலையை நினைவுபடுத்துகிறது என்று அம்மா வேண்டாம் என்றார். இறுதியில், சற்றுமுன் நான் குறிப்பிட்ட எட்டுக் கலைத்தொழில்களிலிருந்து 'கையூழ்' என்ற சொல்லை எடுத்துக் கொடுத்தேன். வண்ணத்தில் அமைந்த இசையை இன்பம் தோன்ற இசைப்பது என்பது உரை தரும் பொருள். ஊழ் என்றால் முறை, விதியும்தான். தம்பி அச்சொல்லை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தான். பிறகு கணிப்பொறியில் 'புதுசு ஏழு' என்றிருந்ததை அழித்துத் தமிழிலேயே எழுதினான். ழகரத்தைத் தேடிப் பிடிக்கச் சற்று நேரமாயிற்று.

நம் செயலாளர் அவர்களிடம் எனக்கு ஒதுக்கப்பட்ட முப்பது நிமிடத்தில் ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தித் தருவதாக வாக்களித்திருந்தேன். அதற்கு அவரும் இசைந்தார். என் பேச்சு இத்துடன் முடிகிறது. இசை நான்கு நிமிடம் பத்து நொடி. தம்பி பக்கவாட்டில் காத்திருக்கிறான். ஒலிபெருக்கி அமைத்துள்ள அன்பருக்கு ஒரு வேண்டுகோள்: முன்வரிசையில், வலப்புறப் பெட்டிக்கு அருகில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பவர் எங்கள் அப்பா. அந்தப் பெட்டியை மட்டும் நகர்த்தாமல் இருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.